உயரும் மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லை

மின்சாரத்தைப் பயன்படுத்துவோர்க்கு எக்காலத்தும் இரு தேவைகள் உண்டு. கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்வது ஒன்று, உயர்த்திக்கொள்வது மற்றொன்று. ஓர் உலர் மின்கலம் தருவது 1.5 வோல்ற்று. வெண்ணிற ஒளிகாலும் இருவாயி ஒளிர்வதற்கோ ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும். புகைப்படக் கருவியின் மின்வெட்டு விளக்குக்கு ஏறத்தாழ 300 வோல்ற்று வேண்டும். அதற்குக் கிடைப்பதோ சிறு மின்கலங்கள் சிலவே. சீர்குலைந்த இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் நேர்செய்யும் மருத்துவக் கருவி, பற்றரியின் தாழ்ந்த அழுத்தத்தை ஆயிரம் வோல்ற்றுக்கு மேலாக உயர்த்துகின்றது. இவையெல்லாவற்றுள்ளும் அமைந்திருப்பது அழுத்தம் உயர்த்தும் சுற்று என்னும் ஒருவகை அமைப்பாகும்.

அழுத்தத்தை உயர்த்துவது அரிய செயலன்று. ஒரு கம்பிச் சுருள், ஓர் ஆளி, ஓர் இருவாயி, ஒரு கொள்ளளவி ஆகிய நான்கும் இருந்தாற் போதும். உயரும் அழுத்தத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவதே அரிது. இச்சுற்றுக்குத் தன்னளவில் மேலெல்லை என்பது இல்லை. எல்லையை அமைத்துக் கொடுப்பவன் மனிதன். அவன் அமைத்த எல்லை அறுந்துபோனால் அழுத்தம் மேலே செல்லுமா, கீழே இறங்குமா என்ற வினாவுக்கு முன்னதாகவே விடை கண்டு வைத்தல் இத்தொழிலின் முதற் கடமையாகும்.

சுற்றின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு நீரை உவமையாகக் கொள்ளலாம். 1796ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான யோசப் மொங்கோல்பியர் என்பார், எந்திர வலுவோ மனித வலுவோ இன்றி நீரை மேட்டுக்கு ஏற்றும் பம்பி ஒன்றை அமைத்தார். ஓடையின் நீர் சரிவான நீண்ட குழாயினூடே ஓடிவந்து, கீழ்முனையிலுள்ள வால்வு வழியே வெளியே கொட்டுகின்றது. ஓட்டம் விரைவடைந்ததும் அவ்வால்வு நீரின் வேகத்தாலேயே சட்டென மூடிக்கொள்கின்றது. ஓடிவந்த நீர் உடனே நிற்க இயலாது. குழாயினுள் அழுத்தம் திடீரென எழுகின்றது. அவ்வழுத்தம் ஒருவழி வால்வு ஒன்றைத் தள்ளித் திறந்து, நீரிற் சிறு பகுதியைக் காற்றறை ஒன்றினுள் செலுத்துகின்றது. அங்கிருந்து நீர் ஓடையின் மட்டத்திலும் பன்மடங்கு உயரத்துக்கு ஏறுகின்றது.

அழுத்தம் உயர்த்தும் மின்சுற்றும் இவ்வாறே தொழிற்படுகின்றது. நீண்ட குழாயில் ஓடும் நீரின் இடத்தைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் பெறுகின்றது. நீரை வெளியே கொட்டும் வால்வின் வேலையை ஆளி செய்கின்றது. ஒருவழி வால்வாக இருவாயியும், காற்றறையாகக் கொள்ளளவியும் அமைகின்றன. ஆளி மூடியிருக்கும்போது மின்னோட்டம் சுருளினூடே தங்குதடையின்றிப் பாய்ந்து வளர்கின்றது. ஆளி திறந்ததும் அவ்வோட்டம் உடனே நின்றுவிட மறுக்கின்றது. போக்கிடம் தேடிச் சுருள் தன் முனையில் அழுத்தத்தை எழுப்பி, இருவாயியைக் கடந்து, கொள்ளளவியினுள் மின்னைத் தள்ளுகின்றது. இச்செயல் ஒரு செக்கனில் பல்லாயிரந் தடவை நிகழ்கின்றது. இக்காலத்துச் சுற்றுகளில் ஆளியின் வேலையைச் செய்வது திரான்சிற்றர் ஆகும்.

சுருளின் இக்குணத்தை அமெரிக்க அறிஞர் யோசப் என்றி 1832ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். பற்றரியொன்றுடன் நீண்ட கம்பியை இணைத்துவிட்டு அவ்விணைப்பைப் பிரிக்குங்கால் பிரகாசமான தீப்பொறி எழுவதையும், குறுகிய கம்பியில் அவ்வாறு எழாமையையும் அவர் கண்டார். தாழ்ந்த அழுத்தமுள்ள பற்றரி, காற்றைக் கிழித்துப் பாயும் பொறியைத் தானாகத் தரவல்லதன்று. அதனைத் தந்தது சுருளிற் சேர்ந்திருந்த சத்தியே. அப்பொறிதான் நாம் இங்கு கருதும் இடுக்கணின் முதல் அறிகுறியும் ஆகும்.

இனி, இச்சுற்றுக்கும் மின்மாற்றிக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குக. மின்மாற்றியில் இரு சுருள்கள் உள்ளன. முதற் சுருளில் 100 சுற்றும் இரண்டாவதில் 1000 சுற்றும் இருப்பின், அழுத்தம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். சுமை எதனையும் இணையாதுவிட்டாலும் அவ்விகிதம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே மின்மாற்றி தன் எல்லையைத் தன் உடலிலேயே கொண்டுள்ளது. ஒற்றைச் சுருள் கொண்ட உயர்த்தும் சுற்றிலோ அத்தகைய விகிதம் எதுவும் கட்டப்படவில்லை.

இங்கும் ஒரு சூத்திரம் உண்டே எனச் சிலர் வினவுவர். ஒவ்வொரு சுழற்சியிலும் ஆளி மூடியிருக்கும் காலத்தின் பங்கை ஒன்றிலிருந்து கழித்து, மீதியால் உள்வரும் அழுத்தத்தை வகுத்தால் வெளிவரும் அழுத்தம் கிடைக்கும் என்பது அச்சூத்திரம். உள்வருவது 5 வோல்ற்றாகவும் ஆளி பாதிக் காலம் மூடியிருப்பதாகவும் கொண்டால் வெளிவருவது 10 வோல்ற்று. முக்காற் பங்கு மூடியிருந்தால் 20 வோல்ற்று. பத்தில் ஒன்பது பங்காயின் 50 வோல்ற்று. கணக்கு உண்மையே. எனினும் சுருளின் மின்னோட்டம் எந்தக் கணத்திலும் பூச்சியமாகாது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அதற்குப் போதிய சுமை இணைந்திருத்தல் வேண்டும். சுமை கழன்றுவிட்டால் சூத்திரமும் கைவிட்டுவிடும்.

சுமை கழன்ற சுற்றில் நடப்பது யாது? 100 மைக்குரோ என்றி அளவுள்ள சுருள் ஒன்றைக் கருதுக. அதில் மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் 1 அம்பியர் வரை வளர்வதாகக் கொள்ளலாம். அப்போது சுருளிற் சேரும் சத்தி 50 மைக்குரோ யூல். ஆளி செக்கனுக்கு 25,000 தடவை திறந்து மூடினால், செக்கனுக்கு 1.25 யூல் சத்தி, அதாவது 1.25 உவாற்று வலு, வெளிப்பக்கத்துக்குத் தள்ளப்படும். இது மிகச் சிறிய வலுவே. சிறு ரோச் விளக்கொன்றுக்குப் போதுமானது.

வெளிப்பக்கத்தில் 10 மைக்குரோ பரட்டு அளவுள்ள கொள்ளளவி மட்டும் இருப்பதாகக் கருதுக. அது 12 வோல்ற்றில் தாங்கியிருக்கும் சத்தி 0.72 மில்லி யூல். 100 வோல்ற்றில் தாங்குவது 50 மில்லி யூல். ஒரு சுழற்சிக்கு 50 மைக்குரோ யூல் வீதம் ஆயிரம் சுழற்சிக்குள் அந்த 50 மில்லி யூலும் சேர்ந்துவிடும். ஆயிரம் சுழற்சிக்கு ஆகும் காலம் ஒரு செக்கனின் 25இல் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் பொழுதுக்குள் 5 வோல்ற்று மூலத்திலிருந்து 100 வோல்ற்று எழுந்துவிடுகின்றது. உண்மையில் அவ்வளவு தூரம் செல்வதற்கு முன்னரே திரான்சிற்றரோ, இருவாயியோ, கொள்ளளவியோ தன் தாங்கும் அளவைக் கடந்து அழிந்துபோகும். அவ்வழிவையே இச்சுற்றின் இயற்கையான மேலெல்லை எனலாம். நீர்ப் பம்பியின் மேற்குழாயை அடைத்துவிட்டு ஓடையை மட்டும் திறந்துவிட்டவன் நிலையும் இதுவே.

ஆகவே எல்லையொன்றைச் செயற்கையாக அமைத்தல் இன்றியமையாதது. முதல் எல்லை பின்னூட்டல் ஆகும். வெளிவரும் அழுத்தத்தின் ஒரு பங்கை எடுத்து, மாறாத நியம அழுத்தம் ஒன்றுடன் ஒப்பிட்டு, மிகுதியானால் ஆளியின் மூடு காலத்தைக் குறைத்தும், குறைந்தால் கூட்டியும் சுற்றை நடத்துவதே பின்னூட்டல். பங்கு எடுப்பதற்குத் தொடராக இணைத்த இரு தடைகள் போதும். மேல்தடை வெளிமுனையிலிருந்து நடுப்புள்ளிக்கும், கீழ்த்தடை நடுப்புள்ளியிலிருந்து நிலமுனைக்கும் செல்லும். நடுப்புள்ளியின் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுத் துண்டம் நோக்கிக்கொண்டிருக்கும்.

நியம அழுத்தம் 1.25 வோல்ற்று என்றும், மேல்தடை 22 கிலோ ஓம் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிடுக. கீழ்த்தடை 2 கிலோ ஓமாயின், மேல்தடை அதன் பதினொரு மடங்கு. ஆகவே வெளியழுத்தம் 1.25இன் பன்னிரண்டு மடங்கு, அதாவது 15 வோல்ற்று ஆகும். கீழ்த்தடையை 4 கிலோ ஓமாக உயர்த்தினால் வெளியழுத்தம் ஏறத்தாழ 8.1 வோல்ற்றுக்கு இறங்கும். 2 கிலோ ஓம் நிலைத்தடை ஒன்றுடன் 2 கிலோ ஓம் மாறுந்தடை ஒன்றைத் தொடராகக் கீழ்ப்பக்கத்தில் வைத்தால், திருகை எப்பக்கம் திருப்பினும் வெளியழுத்தம் 8.1 வோல்ற்றுக்கும் 15 வோல்ற்றுக்கும் இடையிலேயே நிற்கும். நிலைத்தடையை விட்டுவிட்டு மாறுந்தடையை மட்டும் வைப்போர் உளர். திருகு கடைசி முனைக்குச் சென்றதும் கீழ்த்தடை பூச்சியமாகும். நடுப்புள்ளியில் அழுத்தம் எதுவும் தோன்றாது. கட்டுப்பாட்டுத் துண்டம் அழுத்தம் போதாது என எண்ணி மேலும் மேலும் தள்ளும். மலிவான ஒரு நிலைத்தடை இவ்விபத்தைத் தடுத்துவிடுகின்றது.

மாறுந்தடையை ஏன் கீழ்ப்பக்கத்தில் வைத்தல் வேண்டும் என்பதும் கவனிக்கற்பாலது. திருகினால் நகரும் தொடுமுனை தூசியாலும் தேய்வாலும் துருவாலும் சிற்சில வேளை தொடர்பை இழக்கும். மாறுந்தடை மேற்பக்கத்தில் இருந்து தொடர்பு அறுமாயின், நடுப்புள்ளிக்கு மேலிருந்து அழுத்தம் வருவது நின்றுவிடும். சுற்று தன் எல்லையைக் காணாது மேலே ஓடும். கீழ்ப்பக்கத்தில் இருந்து தொடர்பு அறுமாயின், வெளியழுத்தம் முழுவதும் நடுப்புள்ளியில் தோன்றும். கட்டுப்பாட்டுத் துண்டம் அழுத்தம் மிகுந்ததென எண்ணி ஆளியை நிறுத்தும். ஒரே பழுது ஓரிடத்தில் அழிவைத் தருகின்றது. மற்றோரிடத்தில் அமைதியைத் தருகின்றது. மாறுந்தடையின் பயன்படாத முனையைத் தொடுமுனையுடன் சேர்த்துக் கட்டிவிட்டால் இன்னும் நன்று. தொடர்பு விட்டாலும் முழுத்தடையும் சுற்றில் நிற்பதால் அழுத்தம் 8.1 வோல்ற்றுக்கு இறங்கி நிலைக்கும்.

பின்னூட்டல் செம்மையாக இருந்தாலும் அது உடனுக்குடன் செயற்படுவதன்று. உயர்த்தும் சுற்றுக்கு விந்தையான குணம் ஒன்று உண்டு. சுமை கூடுதலாக மின்னை வேண்டும்போது கட்டுப்பாட்டுத் துண்டம் ஆளியின் மூடு காலத்தை நீட்டுகின்றது. ஆனால் ஆளி மூடியிருக்கும் வேளையில் இருவாயி வெளிப்பக்கத்துக்கு எதனையும் தருவதில்லை. எனவே வெளியழுத்தம் உயர்வதற்கு முன்னர் சற்றே தாழ்கின்றது. சுருளின் ஓட்டம் வளர்ந்த பின்னரே பயன் தெரிகின்றது. அவசரக்காரக் கட்டுப்பாடு இத்தாழ்வைக் கண்டு மேலும் மூடு காலத்தை நீட்டி, பின்னர் அளவுக்கு மிஞ்சிய உயர்வைக் கண்டு குறைத்து, ஊசலாடத் தொடங்கும். இதனால் அமைப்போர் வேண்டுமென்றே கட்டுப்பாட்டை மெதுவாக்குகின்றனர்.

மெதுவான கட்டுப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. சுமை திடீரெனக் கழலும் கணத்தில் சுருளில் உள்ள சத்தி முழுவதும் கொள்ளளவியினுள்ளேதான் செல்லவேண்டும். அக்கணத்தில் சுருளில் 3 அம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் சத்தி 0.45 மில்லி யூல். 12 வோல்ற்றில் உள்ள 10 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவியிடம் இருப்பது 0.72 மில்லி யூல். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் 15 வோல்ற்றைத் தாண்டிவிடும். கொள்ளளவியை 100 மைக்குரோ பரட்டாகப் பெருக்கினால் அதே சத்தி அழுத்தத்தை 12.4 வோல்ற்று அளவுக்கே உயர்த்தும். போதிய கொள்ளளவி என்பது ஒரு கணத்துக்கு ஏற்படும் எழுச்சியைத் தாங்கும் மெத்தை போன்றது. ஆயினும் மெத்தை வேறு, கூரை வேறு. ஆளி நில்லாது ஓடுமாயின் பெரிய கொள்ளளவியும் சற்றுக் காலந் தாழ்த்தி நிரம்பவே செய்யும்.

இரண்டாவது எல்லை சேனர் இருவாயியைக் கொண்டு அமைவது. சாதாரண இருவாயி மின்னை ஒரு திசையில் மட்டும் விடும். சேனர் இருவாயியோ எதிர்த்திசையிலும், குறித்த அழுத்தம் வந்ததும், வழிவிடும். மேலே கூறிய சுற்றில் மேல்தடைக்குப் பக்கமாக 15 வோல்ற்றுச் சேனர் ஒன்றை இணைத்தால், வழமையான வேளையில் அது உறங்கிக்கொண்டிருக்கும். அதிகூடிய 15 வோல்ற்று வெளியழுத்தத்திலும் மேல்தடையின் குறுக்கே நிற்பது 13.75 வோல்ற்றே. மேல்தடை எரிந்தோ அதன் பற்றாசு விட்டோ தொடர்பு அறுந்தால் வெளியழுத்தம் ஏறத் தொடங்கும். சேனரின் 15 வோல்ற்றும் நியமத்தின் 1.25 வோல்ற்றும் சேர்ந்த ஏறத்தாழ 16 வோல்ற்றில் சேனர் விழித்து, நடுப்புள்ளிக்குச் செய்தியைக் கொண்டுசெல்லும். ஆளி அடங்கும்.

ஒளிகாலும் இருவாயிகளைத் தொடராக இணைத்து ஒளிரச்செய்யும் சுற்றுகளில் இம்முறை மிகவும் வேண்டப்படுவதாகும். அங்கே கட்டுப்பாட்டுத் துண்டம் அழுத்தத்தை நோக்குவதில்லை. விளக்குகளூடே செல்லும் ஓட்டத்தையே நோக்குகின்றது. தொடரில் ஒரு விளக்குப் பழுதானாலும், ஓர் இணைப்புக் கழன்றாலும் ஓட்டம் பூச்சியமாகும். ஓட்டம் போதாதென எண்ணிய துண்டம் முழு வலுவுடன் தள்ளத் தொடங்கும். ஒரு சிறு விளக்கின் பழுது சுற்று முழுவதையும் அழிக்கும் நிலை இவ்வாறு உண்டாகின்றது. வெளிமுனையிலிருந்து உணர்முனைக்குச் செல்லும் சேனர் ஒன்றும், விளக்குத் தொடருக்கும் உணர்முனைக்கும் இடையில் தக்க தடையொன்றும் இருந்தால் அவ்வழிவு நேராது.

இவ்விரு எல்லைகளும் ஒரே கட்டுப்பாட்டுத் துண்டத்தை நம்பி நிற்பவை என்பதை மறத்தலாகாது. அத்துண்டமே பழுதடைந்தால் இரண்டும் பயனற்றுப்போம். இங்கே தொலைக்காட்சியின் வரலாறு நல்லதொரு பாடத்தைத் தருகின்றது.

படக்குழாய் கொண்ட பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஏறத்தாழ 25,000 வோல்ற்று வேண்டியிருந்தது. படத்தின் ஒவ்வொரு வரியும் முடிந்து கதிர் மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும் கணத்தில், சுருள்களில் ஓடிய மின்னோட்டம் திடீரென மாற்றப்படும். அப்போது எழும் அழுத்தத் துடிப்பை மின்மாற்றியால் பெருக்கி, ஒருவழிப்படுத்தி, படக்குழாய்க்கு ஊட்டினர். என்றி கண்ட தீப்பொறியின் பேருருவமே அது. திரை இருண்டபோது படக்குழாய் எடுக்கும் மின் குறையும், அழுத்தம் மேலெழும். அதனைத் தடுக்க உயர் அழுத்தத்தின் குறுக்கே ஒரு வெற்றிடக் குழாயை வைத்து, படக்குழாய் எடாது விட்ட மின்னை அது எடுத்துக்கொள்ளுமாறு செய்தனர்.

உயர் அழுத்தத்தால் விரைவுபெற்ற இலத்திரன்கள் உலோகத்திலோ கண்ணாடியிலோ மோதும்போது எக்ஸ் கதிர்கள் பிறக்கும். அழுத்தம் சிறிது கூடினாலும் வெளியேறும் கதிரின் அளவு பெரிதும் கூடும். 1967ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையான வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல்லாயிரம், அளவுக்கு மிஞ்சிய எக்ஸ் கதிரை வீசுவது கண்டறியப்பட்டது. கதிர் வீசியது அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதற்கென வைத்த அந்த வெற்றிடக் குழாயே. அதற்குப் போதிய மறைப்பு இல்லாதிருந்தமையே காரணம். வீட்டுக் கூடத்தில் பெட்டியைச் சூழ்ந்திருந்தோர் கண்ணாற் காணமுடியாத இடர் அது.

இதன் பின்னர் 1968இல் அந்நாட்டுப் பேரவை கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றை நிறைவேற்றியது. பெட்டியின் வெளிமேற்பரப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் தூரத்தில் கதிரின் அளவு மணிக்கு 0.5 மில்லி ரொண்ட்சனை மிஞ்சலாகாது என விதி வகுக்கப்பட்டது. விதியின் சிறப்பு அந்த எண்ணில் மட்டும் அடங்கியதன்று. அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1970ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெட்டி வழமையாக இயங்கும் நிலையில் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டின் நடுவில், திருத்துவோர் கைவைக்கும் திருகுகளையும் எவ்வாறு திருப்பினும் எல்லை மீறலாகாது என்றாயிற்று. 1971 யூன் மாதம் முதல், கதிரை மிகுதியாக்கக்கூடிய உறுப்பொன்று பழுதடைந்த நிலையிலும் எல்லை மீறலாகாது என்ற கட்டளை வந்தது.

இம்மூன்று படிகளையும் அழுத்தம் உயர்த்தும் சுற்றை அமைக்கும் எவரும் தமக்குரிய வினாக்களாகக் கொள்ளலாம். எல்லாம் சரியாக உள்ளபோது அழுத்தம் எல்லைக்குள் நிற்கின்றதா? திருகுகளை யாரேனும் தவறாகத் திருப்பினும் நிற்கின்றதா? உறுப்பொன்று கெட்டாலும் நிற்கின்றதா? மூன்றாவது வினாவுக்கு ஆம் என விடை பகர்வதற்காகப் பின்வந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் தனிக் காவற் சுற்றுகள் இடம்பெற்றன. உயர் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டியதும், துடிப்பை உண்டாக்கும் அலையியற்றியையே அவை நிறுத்திவிட்டன. படம் மறைந்தது, ஆபத்தும் மறைந்தது.

சிறு சுற்றுகளுக்கும் இத்தகைய மூன்றாவது எல்லை வேண்டும். அது முதலிரண்டிலிருந்தும் முற்றிலும் பிரிந்து நிற்றல் வேண்டும். தனக்கெனத் தனித் தடைகளும், தனி நியம அழுத்தமும், தனி ஒப்புநோக்கியும் கொண்டிருக்க வேண்டும். எடுத்துக்கொண்ட உதாரணத்தில் 18 வோல்ற்றில் அது விழித்தெழலாம். விழித்ததும் சுற்றுக்கு உள்வரும் மின்னைத் துண்டித்து, மனிதன் வந்து பழுதை நோக்கி மீட்கும் வரை துண்டித்த நிலையிலேயே நிற்கவேண்டும். தானே மீண்டும் மீண்டும் இணைக்கும் காவல், பழுதை மறைத்து நாட்கணக்கில் ஓடவிடும்.

காவல் ஏன் உள்வரும் மின்னையே துண்டித்தல் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. உயர்த்தும் சுற்றில் ஆளி முற்றாக நின்றாலும் மூலத்திலிருந்து சுருள் வழியாகவும் இருவாயி வழியாகவும் வெளிமுனைக்கு நேர்வழி ஒன்று திறந்தே இருக்கின்றது. ஆகவே வெளியழுத்தத்தை உள்ளழுத்தத்துக்குக் கீழே கொண்டுவர இச்சுற்றால் இயலாது. 5 வோல்ற்று மூலத்துக்கென அமைத்த சுற்றில் எவரேனும் தவறுதலாக 19 வோல்ற்று மடிக்கணினி மின்வழங்கியை இணைத்துவிட்டால், எத்துணைச் சிறந்த பின்னூட்டலும் கைகட்டிப் பார்த்திருக்கும். மூல வாயிலில் நிற்கும் காவலே அங்கு உதவும்.

அலவாங்கு முறை எனப்படும் மற்றொரு காவலும் உண்டு. இரு கம்பிகளின் குறுக்கே இரும்பு அலவாங்கைப் போட்டாற்போல், அழுத்தம் மிஞ்சியதும் தைரிஸ்ரர் என்னும் உறுப்பு வெளிமுனைகளை ஒன்றாக இணைத்துவிடும். அழுத்தம் உடனே வீழும். ஆனால் மூலத்தின் ஓட்டம் அந்த நேர்வழியே பெருக்கெடுத்துப் பாயுமாதலால், வாயிலில் உருகி ஒன்று இருந்தே ஆகவேண்டும். உருகியின்றி அலவாங்கு முறையைக் கையாள்வது, மிகை அழுத்தத்தைத் தவிர்த்துத் தீயை வரவழைப்பதாகும். ஆளியாகிய திரான்சிற்றர் குறுக்கே இணைந்து பழுதானாலும் வெளியழுத்தம் உயராது; எனினும் மூலத்தின் ஓட்டம் சுருளினூடே பெருகும். அங்கும் காப்பது அவ்வுருகியே.

எல்லைகளைப் படிக்கட்டுப் போல ஒழுங்காக அமைத்தல் நன்று. பின்னூட்டல் தரும் உச்சம் 15 வோல்ற்று. சேனரின் எல்லை ஏறத்தாழ 16. தனிக் காவல் 18. இணைக்கும் கருவி 18 வோல்ற்றுக்குச் சற்று மேலாகவும் ஒரு கணம் தாங்கவல்லதாக இருக்கவேண்டும். கொள்ளளவி 25 வோல்ற்றும், திரான்சிற்றரும் இருவாயியும் 30 வோல்ற்றும் தாங்குவனவாக அமையலாம். படிகள் மிக நெருங்கியிருந்தால், உறுப்புகளின் அளவில் இயல்பாக உள்ள சிறு வேறுபாடுகளாலேயே காவல் காரணமின்றி விழித்துக்கொள்ளும். மிக விலகியிருந்தால், காவல் விழிக்குமுன் கருவி கெட்டுவிடும்.

சுற்றை முதன்முறை இயக்கும்போது சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். ஓட்டத்தை மட்டுப்படுத்தக்கூடிய மின்வழங்கியைப் பயன்படுத்துக. விலையுயர்ந்த கருவியை இணைக்காது, தடையொன்றைச் சுமையாக இணைத்து முதலிற் சோதிக்க. பின்னர் சுமையை அகற்றியும் சோதிக்க. எல்லை அறுந்த சுற்று சுமையற்றபோதே தன்னை வெளிக்காட்டும். மாறுந்தடையின் திருகை இரு முனைக்கும் திருப்பி அளக்க. காவற் சுற்றை ஒருமுறையேனும் வேண்டுமென்றே விழிக்கச்செய்து பார்க்க. ஒருநாளும் சோதிக்கப்படாத காவல், இல்லாத காவலுக்குச் சமம்.

உயர்ந்த அழுத்தத்துக்கான சுற்றுகளில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மின்வெட்டு விளக்கில் உள்ளது போன்ற 100 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவி, 330 வோல்ற்றில் ஏறத்தாழ 5.4 யூல் சத்தியைத் தாங்கியிருக்கும். பற்றரியைக் கழற்றிய பின்னரும் அது நெடுநேரம் அங்கேயே காத்திருக்கும். கையால் தொட்டோர்க்குக் கடும் அதிர்ச்சி தரவும், சில வேளை உயிருக்கே ஊறு விளைக்கவும் அது வல்லது. ஆகவே கொள்ளளவிக்குப் பக்கமாக உயர்ந்த தடையொன்றை நிலையாக இணைத்து, மின் நின்றதும் சத்தி மெல்லக் கசிந்து நீங்க வழி செய்தல் வேண்டும். பழுதுபார்ப்போரும் மானியால் அளந்து, அழுத்தம் நீங்கியதை உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

சுருளுக்கு அளவறியும் குணமில்லை. அது தன்னிடம் சேர்ந்த சத்தியைத் தள்ளும், தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்துவது என்பதைத் தடைகளும் சேனரும் காவலும் உருகியும் அதற்குச் சொல்லிக்கொடுக்கின்றன. அவற்றுள் எதுவும் ஒருநாள் கெடக்கூடியதே. ஒன்று கெட்டபோது அழுத்தம் தாழும் வண்ணம் அதனை இணைத்தலும், தாழாதவிடத்து அடுத்தது தாங்கும் வண்ணம் நிறுத்தலுமே அழுத்தத்துக்கு எல்லை வகுக்கும் கலையின் முழுப் பொருளாகும்.